மலைவாசிகளும் மனித ஆராய்ச்சியும்

உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே ஓங்கி நிற்கும் ஆனைமலைத் தொடரை நம் நகரத்தார் தினந்தோறும் கண்ணுறுகின்றனர். அதன் சரிவுகளிலே குழிப்பட்டி, குருமலை, மாவடப்பு, தளிஞ்சி, கோடந்தூர் முதலிய குடியிருப்புகளில் முதுவரும் புலையரும், மேற்கே டாப்ஸ்லிப், பரம்பிக்குளம் பக்கங்களில் மலசரும் காடரும் வாழ்ந்து வருகின்றனர். இவர்களைத் தேடிக்கொண்டு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக ஆராய்ச்சியாளர்கள் மலையேறி வருகிறார்கள். முன்னே அளவுகருவியோடு வந்தார்கள். இப்பொழுது ஒலிப்பதிவுக் கருவியோடும் கைப்பேசியோடும் வருகிறார்கள். வந்தவர்கள் பட்டம் பெற்றார்கள், புத்தகம் வெளியிட்டார்கள், உத்தியோகமும் அடைந்தார்கள். விஷயத்தைச் சொன்ன மலைவாசிக்கோ அப்புத்தகத்தில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்பதுகூடப் பெரும்பாலும் தெரியாது. இது நியாயந்தானா என்பதே இன்று நாம் நேயர்கள் முன் வைக்கும் வினா.

சென்னை மியூஸியத்தின் சூப்பரிண்டெண்டாக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன் துரையின் பெயரைப் படித்தோர் பலரும் அறிவர். தென்னிந்திய ஜாதிகளையும் குலங்களையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய நூல் இன்றும் மேற்கோளாக எடுத்தாளப்படுகின்றது. ஆனைமலைக் காடரைப் பற்றியும் அவர் 1899-லேயே எழுதினார். போன இடமெல்லாம் மக்களின் மண்டையையும் மூக்கையும் அளந்து குறித்துக்கொண்டார். வயநாட்டுப் பணியப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடி ஒளிந்தனராம். தங்களுள் உருவம் வாய்ந்தவர்களைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை மியூஸியத்தில் நிறுத்திவிடுவார் என்று அஞ்சினராம். இதைப் பதிவு செய்தவரும் தர்ஸ்டனே. வேடிக்கையாகவே பதிவு செய்தார். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அளக்கும் அவ்வித்தையை அவர் போலீஸாருக்கும் கற்பித்தார் என்பதை நினைவிற் கொண்டால், அப்பெண்களின் அச்சம் அத்தனை பேதைமையன்று என்பது விளங்கும்.

ரிவர்ஸ் என்னும் ஆங்கில அறிஞர் வேறு தரத்தவர். பொறுமையும் நுண்ணறிவும் உடையவர். 1902-இல் நீலகிரியிலே தோதவரிடையே தங்கி ஆராய்ந்து, 1906-இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். மறைவாகப் போற்றி வந்த சடங்குகளை அவருக்குச் சொன்னவர்களுக்கும் காட்டியவர்களுக்கும் அடுத்தடுத்து நோயும் சாவும் நேர்ந்தன என்றும், தெய்வக் குற்றமே காரணம் எனத் தோதவர் கருதினர் என்றும் அவரே ஒளியாமல் எழுதியிருக்கிறார். தெய்வக் குற்றம் உண்டா இல்லையா என்பது வேறு வாதம். சொன்னவன் வீட்டில் துக்கம் நிகழ்ந்தது. அதற்கும் தன் பேச்சுக்கும் சம்பந்தம் உண்டென்று நம்பி அவன் வருந்தினான். நூலோ வெளிவந்தது, இன்றளவும் புகழ் பெற்று விளங்குகிறது.

"அதெல்லாம் வெள்ளைக்காரன் காலம், இப்பொழுது நம்மவரல்லவோ ஆராய்கிறார்கள்" என்று சிலர் சமாதானம் கூறக்கூடும். அச்சமாதானத்தை நாம் ஒப்பவில்லை. ஏனெனில், இக்காலத்தில் அவ்வெழுத்துக்குப் பலம் கூடியிருக்கிறதே யொழியக் குறையவில்லை. பழங்குடியினர் யாவர் என்று நிர்ணயிக்க 1965-இல் லோகூர் கமிட்டி ஐந்து லட்சணங்களை வகுத்தது. வெளியாரோடு பழகக் கூசுதலும் அவற்றுள் ஒன்று! கூச்சம் தெளிந்து பள்ளிக்கூடம் சென்ற பிள்ளை தன் குலத்தின் லட்சணத்தை இழந்தான் என்று கூறுவார்களோ என்னவோ. ஜாதிச் சான்றிதழை விசாரிப்போர் மனுதாரரின் குலதெய்வம், மணமுறை, ஈமச்சடங்கு முதலிய இனவியல் அம்சங்களையும் ஆராய வேண்டும் என 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. அந்த ஒப்புமைச் சோதனை ஒன்றையே முடிவான உரைகல்லாகக் கொள்ளலாகாது என்று அதே கோர்ட்டு 2023-இல் தெளிவுபடுத்தியது உண்மையே. எனினும், என்றோ ஒருவர் ஒரு மாதம் தங்கிக் குறித்த சடங்கு, இன்று ஒரு மாணவனுடைய கல்லூரி இடத்துக்குச் சாதகமாகவோ பாதகமாகவோ பேசும் நிலைமை நீங்கிவிடவில்லை. சான்றிதழுக்காக ரெவினியூ டிவிஷனல் ஆபீஸரின் கச்சேரிக்கு ஏறி இறங்குபவர்களைக் கேட்டால் இதன் கஷ்டம் தெரியும்.

இன்னொரு அபாயமும் உண்டு. ஆனைமலை 2007 முதல் புலிகள் காப்பகம். பாட்டன் காலத்தில் கண்ணி வைத்த கதையையோ, தேன் எடுக்கும் பாறையையோ, மருந்து வேர் கிடைக்கும் ஓடையையோ கிழவர் ஒருவர் அன்போடு சொல்கிறார். கேட்டவர் அதை ஊர்ப்பெயரோடு அச்சிட்டு விடுகிறார். 1972-ஆம் வருஷத்து வனஉயிர்ச் சட்டத்தின்கீழ் வேட்டை குற்றம். வேர் வியாபாரிக்கோ ஓடையின் பெயர் போதும். ஆளின் பெயரை மாற்றிவிட்டோம் என்பார்கள். சில வீடுகளே உள்ள குடியிருப்பில், வயதையும் தொழிலையும் குறித்தபின் பெயரை மாற்றி என்ன பயன்?

சட்டத் தொழிலிற் பழகிய நமக்கு ஒரு வித்தியாசம் கண்ணை உறுத்துகிறது. பெரிய கிரிமினல் வழக்குகளில் சாட்சி சொல்பவனுடைய வாக்குமூலத்தை, எழுதி முடித்தபின் அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும். தவறென்று அவன் சொன்னால் திருத்த வேண்டும், அல்லது அவன் ஆட்சேபத்தையாவது குறிக்க வேண்டும். அவனுக்குத் தெரியாத வேற்றுப் பாஷையில் எழுதியிருந்தால் அவனுக்கு மொழிபெயர்த்துக் கூற வேண்டும். கொலை வழக்கில் வந்து நிற்கும் சாட்சிக்கு உள்ள இம்மரியாதை, தன் குலத்தின் கதை முழுவதையும் விருந்தினருக்குச் சொன்ன மூப்பருக்கு ஏன் இல்லை?

காணிகளின் கதையையும் ஈண்டுக் கூறுதல் தகும். 1987-இல் அகத்தியமலையில் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிச் சென்ற காணி இளைஞர்கள், களைப்புத் தீர ஒரு செடியின் காயைத் தின்று நடந்தனர். அதுவே ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்து வெப்பமண்டலத் தாவரத் தோட்டத்தார் அதிலிருந்து ஜீவனி என்னும் மருந்தைச் செய்து, தயாரிக்கும் உரிமையை நமது கோயமுத்தூரின் ஆர்ய வைத்திய பார்மஸிக்கு அளித்தனர். உரிமைக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு. இவற்றிற் பாதி காணிகளுக்கு என்பது ஏற்பாடு. 1997-இல் காணிகளின் டிரஸ்டு பதிவாயிற்று. இந்தியாவில் இது முன்னோடியான காரியம், சம்பந்தப்பட்டோரைப் பாராட்டுகிறோம். ஆயினும் அறிவைக் காத்து வந்த குல வைத்தியர்களான பிலாத்திகள் சிலர், தங்களைக் கேளாமல் இரகசியம் வெளியேறியதென்று ஆட்சேபித்தனர். பணம் பிற்பாடு வந்தது. கேட்க வேண்டியவர்களை முன்னமே கேட்கவில்லை. இக்குறை பணத்தால் தீருமா?

அந்நிய நாடுகளிலும் இவ்விஷயத்தில் விழிப்பு ஏற்பட்டிருக்கிறது. நீரிழிவு ஆராய்ச்சிக்கென்று 1990 முதல் அமெரிக்காவின் ஹவாஸுபாய் குலத்தாரிடம் எடுத்த இரத்தத்தை, மனநோய் ஆராய்ச்சிக்கும் அவர்களுடைய பூர்விக ஆராய்ச்சிக்கும் அவர்கள் அறியாமல் பயன்படுத்தினர். அவர்கள் வழக்காடினர். 2010-இல் அரிஸோனா ஸ்டேட் சர்வகலாசாலை ஏழு லட்சம் டாலர் கொடுத்ததோடு மிஞ்சிய இரத்தத்தையும் திருப்பிக் கொடுத்தது. தென்னாப்பிரிக்காவின் ஸான் மக்களோ, தங்களிடம் வரும் ஆராய்ச்சியாளர் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்று 2017-இல் தாங்களே விதிகளை வகுத்து வெளியிட்டனர். நம் மலைவாசிகள் அதற்குத் தகுதியற்றவர்களா?

ஆராய்ச்சியே வேண்டாம் என்று நாம் கூறவில்லை. பாட்டும் கதையும் பாஷையும் முதியவர்களோடு மறைந்து வருகின்றன. எழுதி வைப்பவர்கள் நன்மையே செய்கிறார்கள். தர்ஸ்டனுடைய ஏட்டையே ஆதாரமாகக் காட்டித் தங்கள் உரிமையைக் கோரும் பழங்குடியினரும் உளர். விதிகள் கூடினால் மாணவர்கள் மிரண்டு மலைப்பக்கமே வரமாட்டார்கள் என்று கூறும் பேராசிரியர்களின் கவலையும் நமக்குப் புரிகிறது. ஆனால் வனத்துறையின் அனுமதிச் சீட்டுக்காக மாதக்கணக்கில் காத்திருக்கத் தயங்காத மாணவர், ஊராரின் சம்மதத்துக்காக ஒரு மாலைப்பொழுது காத்திருப்பதைப் பாரமென்று கருதலாமா?

புதுச் சட்டம் எதையும் நாம் கேட்கவில்லை. 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவு, பரம்பரை அறிவின்மீது சமூகத்துக்குள்ள உரிமையை ஒப்புக்கொள்கிறது. 5-ஆம் பிரிவு தங்கள் பண்பாட்டுச் செல்வத்தைக் காக்கும் அதிகாரத்தைக் கிராம சபைக்கு அளிக்கிறது. அவ்வதிகாரத்தை உபயோகிப்பார்தாம் இல்லை. வனத்துறையின் அனுமதி காட்டுக்குள் நுழைவதற்கே யன்றி மனிதர்களின் உள்ளத்தில் நுழைவதற்கன்று. ஆராய வருவோர் முதலிற் குடியிருப்பின் சபையைக் கேட்க வேண்டும். மறுக்கும் உரிமை அதற்கு உண்டென்று ஒப்ப வேண்டும். எழுதி முடித்ததைப் பட்டத்துக்கோ அச்சுக்கோ அனுப்புமுன் தமிழில் அங்கே படித்துக் காட்ட வேண்டும். ஆட்சேபங்களைத் திருத்தவோ நூலிலேயே சேர்க்கவோ வேண்டும். பிரதி ஒன்று அவ்வூர்ப் பள்ளியிலோ சபையிலோ இருக்க வேண்டும். இதைப் பாரதியார் பல்கலைக்கழகம் முதலிய நம் பக்கத்துச் சர்வகலாசாலைகள் தாமே விதியாக ஏற்பது அவற்றுக்குப் பெருமையாகும். அதுவரை மலைக் குடியிருப்புகளின் சபைகள் காத்திருக்க வேண்டியதில்லை. தீர்மானம் நிறைவேற்றித் தபாலில் அனுப்பலாம். மலைவாசிகளிடையே தொண்டாற்றும் நண்பர்கள் இதற்கு முன்வருவார்களாயின், தீர்மானத்தின் வாசகத்தைக் கட்டணமின்றி எழுதித் தர நாம் சித்தமாயிருக்கிறோம்.