கொடுப்பவரும் வாடுவார்

லூனாஸ் வட்டாரத் தோட்ட லயன்களில் வளர்ந்தவர்களுக்கு, "வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்ற குரல் மறக்காது. படியேறி வந்தவரை வெறும் வாயோடு அனுப்புவது நமக்குக் குறை.

மலாய்க்காரர் வீட்டிலும் அப்படித்தான். வயிறு நிறைந்திருந்தாலும் பலகாரத்தை விரலால் தொட்டு, ஒரு துளியாவது சுவைத்துச் செல்ல வேண்டும். இதை 'ஜாமா' என்பர். தவறினால் 'கெம்புனான்', வழியில் தீங்கு நேரும் என்பது பழைய நம்பிக்கை. சீனர் வீட்டிலோ தேநீர்க் கிண்ணத்தை இரு கைகளாலும் பெறுவதே மரியாதை.

முகம் மாறிப் பார்த்தாலே விருந்தினர் வாடுவார் என்றார் வள்ளுவர். மறுத்தால் கொடுப்பவரும் வாடுவார் என்பதை நாம் நினைப்பதில்லை.

தீபாவளிக்கு வந்த முஸ்லிம் நண்பர் நம் பாத்திரத்தில் சாப்பிடத் தயங்கினால் மனம் சுருங்குகிறோம். ஹலால் அவருக்குக் கட்டுப்பாடு. வெள்ளிக்கிழமை மரக்கறி நம்மில் பலருக்குக் கட்டுப்பாடு. இரண்டும் அவமதிப்பல்ல. முன்கூட்டியே கேட்டு, பழமும் பெட்டிப் பானமும் வைத்தால் போதுமே!

ஆண்டுக்கொரு திறந்த இல்ல உபசரிப்பு மட்டும் ஒற்றுமையாகாது. விடுதியில் ஒரே மாடியில் தங்கிக்கொண்டு தனித்தனி மேசைகளில் உண்ணும் மாணவர்களே, நாளை அடுத்த மேசைக்குச் செல்லுங்கள். நீட்டுவதைத் தொட்டாவது வாருங்கள்.