அரசு வீட்டுக்காரருக்குக் கதவைத் தட்டும் கடமை இல்லையா?

வாடகை வீட்டைப் பார்வையிடவோ பழுதுபார்க்கவோ உரிமையாளர் வர வேண்டுமானால், குடியிருப்பவருக்கு 24 மணி நேரம் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். சூரிய உதயத்துக்கு முன்பும் அஸ்தமனத்துக்குப் பின்பும் நுழையக் கூடாது. 2021 ஜூன் 2 அன்று ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு இவ்வாறு கூறுகிறது. நல்ல பிரிவுதான். மாநிலங்கள் ஏற்றுச் சட்டமாக்கினால் அன்றி அது வெறும் காகிதம் என்பது ஒருபுறமிருக்க, 3ஆம் பிரிவைப் படித்தால் குட்டு வெளிப்படுகிறது. அரசுக்கும் அரசு நிறுவனங்களுக்கும் சொந்தமான கட்டடங்களுக்கு இச்சட்டம் பொருந்தாதாம்! தனியார் வீட்டுக்காரர் கதவைத் தட்ட வேண்டும். அரசு என்னும் வீட்டுக்காரருக்கு அந்தக் கடமை இல்லை.

இதன் பொருள் கோலார் தங்கவயல் மக்களுக்குப் புரியும். உரிகம், சாம்பியன் ரீஃப், மாரிகுப்பம் லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களுக்கு, அவர்களுள் பெரும்பான்மையோரான தலித் மக்களுக்கு, வீட்டு உரிமையாளர் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம். அதாவது ஒன்றிய அரசு. முன்னர் ஜான் டெய்லர் கம்பெனியின் காலத்தில், தங்கத் திருட்டைத் தடுப்பதாகக் கூறி, தொழிலாளியின் உடலும் சோதனையிடப்பட்டது, குடிசையும் சோதனையிடப்பட்டது. வேலை கொடுத்தவனே கூரையும் கொடுத்தான். ஆகவே கூரைக்குள் நுழையும் உரிமையும் தனதே என்று அவன் கருதினான். 1930இல் கைரேகைப் பதிவுக்கு எதிராகத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அப்போது அவர்களுக்கென்று ஒரு சங்கம்கூட இல்லை.

கம்பெனி போயிற்று. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கமும் மூடப்பட்டது. வேலையைப் பறித்த அரசு, வீட்டுக்காரர் என்ற நிலையை மட்டும் விடவில்லை. குடியிருப்போரை வெளியேற்ற அதன் கையில் 1971ஆம் ஆண்டின் பொது வளாகங்கள் சட்டம் இருக்கிறது. நிறுவனத்தின் சொந்த அதிகாரியையே எஸ்டேட் அதிகாரியாக்கி விசாரிக்க வைக்க அது வழிசெய்கிறது. வழக்கு நிறுவனத்தினுடையது, விசாரிப்பவரும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்!

2013இல் உலகளாவிய டெண்டர் என்றார்கள். இப்போது சயனைடு மேடுகளிலிருந்து தங்கம் எடுப்பது பற்றிப் பேசுகிறார்கள். நிலத்தின் மதிப்பு பேசப்படும் போதெல்லாம் அளவெடுக்கவும் பார்வையிடவும் ஆட்கள் வருவது எங்கும் உள்ள வழக்கம். தங்கவயலில் அப்படி வருகிறவரிடம் 17ஆம் பிரிவைக் காட்டிக் குடும்பத்தலைவி ஒருவர் ‘நாளை வாருங்கள்’ என்று சொல்ல முடியாது.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அந்த வழக்கைத் தொடுத்தவர் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன்னாள் நீதிபதி புட்டசாமி. யாரை எதிர்த்து? ஒன்றிய அரசை எதிர்த்து. அந்த உரிமை லைன் வீட்டு வாசலில் நின்றுவிடுமா?

3ஆம் பிரிவின் விலக்கு நீக்கப்பட வேண்டும். கர்நாடக அரசு தன் வாடகைச் சட்டத்தில் பொதுத்துறைக் குடியிருப்புகளையும் சேர்க்க வேண்டும். லைன் வீடுகள் அவற்றில் வாழ்பவர்களின் பெயருக்கே பட்டாவாக்கப்பட வேண்டும். அதுவரை, அறிவிப்பின்றி எந்த அதிகாரியும் அவ்வீடுகளுள் நுழையக் கூடாது.