ஒன்பது டு அஞ்சு

'ஒன்பது டு அஞ்சு வேலை' என்றாலே நமக்கு ஓர் இளக்காரம். காலையில் ஒரு கையெழுத்து, பதினோரு மணிக்கு டீ, மத்தியானம் தயிர் சாதம், நாலே முக்காலுக்குப் பேனாவை மூடிவிட்டுக் கடிகாரத்தை முறைப்பது... 'இதெல்லாம் ஒரு பொழப்பா ஸார்?' என்று பஸ் ஸ்டாப்பில் புலம்பாத ஆபீஸர் உண்டா, குமாஸ்தாதான் உண்டா?

ஆனால் ஒரு பெண், அந்த ஒன்பது டு அஞ்சுக்காகவே இன்ஜினீயரிங் படித்தார். படித்து, இந்தியாவின் முதல் பெண் இன்ஜினீயர்களில் ஒருவரானார். பெயர் ஏ.லலிதா. அந்த 'ஏ'யை விரித்தால் அய்யலசோமயாஜுலா. மூச்சு வாங்குகிறது, லலிதா என்றே சொல்கிறேன்.

1919-ல் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். 15 வயதில் கல்யாணம். 18 வயதில் கையில் நாலு மாசக் குழந்தை, கணவர் காலமாகிவிட்டார். அந்த நாளில் இளம் விதவைக்கு ஊர் என்ன ஒதுக்கி வைத்திருந்தது என்பதற்குப் பழைய கறுப்பு வெள்ளைப் படம் நாலு பார்த்தால் போதும். வீட்டில் ஒரு மூலை, அவ்வளவுதான்.

லலிதா மூலைக்குப் போகவில்லை. குவீன் மேரீஸ் காலேஜுக்குப் போனார். இன்டர்மீடியட்டில் முதல் வகுப்பு. அடுத்து? படிக்கிற பெண் என்றால் டாக்டருக்குத்தான் என்பது அப்போதைய கணக்கு. ஆனால் டாக்டருக்கு ஏது நேரம் காலம்? நடு ராத்திரி கதவைத் தட்டி, 'பிரசவ வலி, கொஞ்சம் வாங்கம்மா' என்பார்கள். தூங்குகிற குழந்தையை விட்டுவிட்டு எப்படிக் கிளம்புவது? பொழுது சாய்ந்தால் வீடு திரும்புகிற வேலையாக வேண்டும் என்று நினைத்தார். அப்பா பப்பு சுப்பாராவ், கிண்டி இன்ஜினீயரிங் காலேஜில் எலெக்ட்ரிகல் புரொபசர். ஆக, இன்ஜினீயரிங்!

கவனியுங்கள் ஸார். சரித்திரத்தில் இடம் பிடிக்க அல்ல. ராத்திரி குழந்தைக்குப் பக்கத்தில் இடம் பிடிக்க.

அப்பா காலேஜ் பிரின்சிபால் சாக்கோவிடம் பேசினார். கல்வித்துறை டைரக்டர் ஸ்டேத்தம் துரையின் அனுமதியும் கிடைத்தது. நூற்றுக்கணக்கான பையன்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண். 'ஐயோ பாவம்' என்று நீங்கள் ஆரம்பிக்குமுன் சொல்லிவிடுகிறேன்: பையன்கள் அம்மாவிடம் ரொம்பப் பண்பாக நடந்துகொண்டார்கள் என்று பிற்காலத்தில் மகளே சொல்லியிருக்கிறார். நம் இனத்துக்குச் சாதகமான சாட்சியம் அபூர்வமாகத்தான் கிடைக்கிறது. கத்தரித்து ஃபைலில் போட்டு வைத்துக்கொள்ளவும்.

கஷ்டம் தனிமைதான். அதற்கும் அப்பாவே வழி பார்த்தார். இன்னும் பெண்களைச் சேர்க்க முயற்சி எடுத்தார். லீலம்மா ஜார்ஜ், பி.கே.திரேஸ்யா என்று இரண்டு பேர் சிவில் படிக்க வந்தார்கள். அந்தத் திரேஸ்யாதான் 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் சீஃப் இன்ஜினீயர் ஆனார். ஒரு பெண்ணுக்குத் துணை தேடப் போய், ஒரு மாநிலத்துக்கே சீஃப் இன்ஜினீயர்!

பட்டம் கொடுக்கும்போது ஒரு சின்னச் சிக்கல். சர்ட்டிஃபிகேட்டில் 'ஹி' என்றுதான் அச்சடித்திருந்தார்கள். அதை அடித்துவிட்டு 'ஷி' என்று திருத்தினார்கள். ஒரே ஒரு எழுத்து கூடுதல். அதற்கு எத்தனை வருஷம் பிடித்திருக்கிறது பாருங்கள்.

பிறகு ஜமால்பூர் ரயில்வே தொழிற்சாலையில் ஒரு வருஷப் பயிற்சி. சிம்லாவில் மத்திய தர நிர்ணய நிறுவனத்தில் வேலை. 1948-ல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ். மின்பாதைகளுக்கும் சப்-ஸ்டேஷன்களுக்கும் வரைபடம் போடுகிற பிரிவு. பக்ரா நங்கல் அணைக்கான மின்சார வேலைகளிலும் அவர் கை உண்டு. நான் பி.காம்.; ஃப்யூஸ் போனால் பக்கத்து வீட்டில் கரன்ட் இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பதோடு என் எலெக்ட்ரிகல் ஞானம் முடிகிறது. ஆகவே வேலை விவரம் இத்துடன் நிறுத்தம்.

என் பாடத்தில் பட்டது வேறொன்று. காலேஜ் நாட்களில் லலிதா ஹாஸ்டலில். குழந்தை சகோதரர் வீட்டில். சனி, ஞாயிறுகளில் போய்ப் பார்ப்பார். பிறகு வேலை தேடியபோதும் கூடப்பிறந்தவர் இருக்கிற ஊராகவே பார்த்துச் சேர்ந்தார். அம்மா ஆபீஸில் கோடு போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் குழந்தைக்குச் சாதம் ஊட்டித் தலை வாரிவிட அங்கே ஆள் இருந்தது. எந்தச் சர்ட்டிஃபிகேட்டிலும் அவர்கள் பெயர் கிடையாது. பேலன்ஸ் ஷீட்டில் 'குட்வில்' என்று ஒன்று எழுதுவோமே, கையால் தொட முடியாத சொத்து, அதுதான் இது. அதை எடுத்துவிட்டால் கம்பெனி நிற்காது.

1964-ல் நியூயார்க்கில் பெண் இன்ஜினீயர்கள், விஞ்ஞானிகளின் முதல் சர்வதேச மாநாடு. லலிதா சொந்த முறையில் போய்க் கலந்துகொண்டார். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் என்றால் கணவரின் சிதையிலேயே என்னையும் எரித்திருப்பார்கள் என்று அங்கே நிருபர்களிடம் சொன்னார். அடுத்த மாநாடு 1967-ல் கேம்பிரிட்ஜில். அதற்கு இந்தியாவிலிருந்து பெண்களைத் திரட்டுகிற பொறுப்பையும் ஏற்றுக்கொண்டார். அப்பா தனக்குத் தேடிக்கொடுத்த துணையை, இப்போது இவர் மற்றவர்களுக்குத் தேடிக்கொடுத்தார்.

ஏன் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்று மகள் ஒருமுறை கேட்டாராம். 'மறுபடியும் ஒரு கிழவரைக் கவனித்துக்கொள்ளவா, வேண்டவே வேண்டாம்' என்கிற ரீதியில் பதில் வந்ததாம். கல்யாணமான வாசகர்கள் இந்தப் பாராவை வீட்டில் உரக்கப் படிக்க வேண்டாம்.

1977-ல் ஓய்வு பெற்றார். உட்கார்ந்து மூச்சு விட இரண்டே வருஷம்தான் கிடைத்தது. 1979-ல், 60 வயதில் போய்ச் சேர்ந்தார்.

'முதல் பெண்' என்று போட்டு ஒரு படமும் மாலையும் வைத்துவிடுவது சுலபம். லலிதா மாதிரி ஆவது நம்மால் முடியாது. அந்த அப்பா மாதிரி, சகோதரர் மாதிரி ஆவது அப்படி ஒன்றும் கஷ்டமில்லை. உங்கள் தங்கைக்கு டிபார்ட்மென்ட் பரீட்சை வரும். அண்ணிக்கு வெளியூரில் ட்ரெயினிங் வரும். மனைவிக்குப் புரமோஷன் ஆர்டர் வரும். அன்றைக்கு 'குழந்தையை யார் பாத்துப்பா?' என்று வீட்டில் ஒரு கேள்வி எழும். எல்லோரும் விட்டத்தைப் பார்ப்பார்கள்.

நீங்கள் மட்டும் பார்க்காதீர்கள். உங்களுக்குத்தான் அஞ்சு மணிக்கு ஆபீஸ் முடிந்துவிடுகிறதே ஸார்!