குழாயை மாற்றாமல் மாத்திரை மட்டும் எதற்கு?



ஆண்டுக்கு இருமுறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கிறார்கள். 2015-இல் சில மாநிலங்களில் தொடங்கி, பிறகு நாடு முழுக்க விரிந்த நல்ல திட்டம் அது. ஆனால் மாத்திரையை விழுங்கிவிட்டு வீட்டுக்கு வரும் பிள்ளை குடிப்பது சாக்கடை கலந்த தண்ணீரை. இதைக் கேட்க ஆளில்லை.

வட சென்னையின் பழைய தெருக்கள் பலவற்றில் குடிநீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் ஒட்டி ஒட்டியே ஓடுகின்றன. தண்ணீர் வருவது சில மணி நேரம்தான். நின்றதும் குழாயில் அழுத்தம் குறைந்து, விரிசல் உள்ள இடத்தில் பக்கத்துக் கழிவுநீர் உள்ளே இழுக்கப்படுகிறது. மறுபடி திறந்தால் முதல் குடம் நாறும். கொட்டிவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறோம். நாற்றம் அடங்கினாலும் கிருமி உள்ளேதான் இருக்கிறது.

புகார் சொன்னால், "குளோரின் சரியான அளவில் இருக்கிறது" என்கிறார்கள். குளோரின் காலராக் கிருமியைக் கொல்லும். அமீபா, ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணிகளோ கெட்டியான உறைக்குள் இருப்பவை. குடிநீரில் சேர்க்கும் குளோரினுக்கு எளிதில் சாவதில்லை. பள்ளியில் தரும் ஒற்றை அல்பெண்டசோல் மாத்திரையும் இவற்றுக்குப் போதாது. அது உருண்டைப்புழு, கொக்கிப்புழு போன்றவற்றுக்கானது. பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு விட்டு விட்டு வருகிறது, தின்றது உடம்பில் ஒட்டுவதில்லை. 'பூச்சி மாத்திரைதான் கொடுத்தாயிற்றே' என்று பெற்றோரும் இருந்துவிடுகிறார்கள்.

புழுத் தொல்லையும் ஓயவில்லை. ஒரு பெண் உருண்டைப்புழு நாளொன்றுக்குச் சுமார் 2 லட்சம் முட்டையிடும். பாதாளச் சாக்கடை பொங்கி வழிந்த மண்ணில் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். அதே மண்ணில்தான் எங்கள் பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

'காய்ச்சிக் குடியுங்கள்' என்பது சரியான அறிவுரைதான். ஆனால் தினக்கூலி வீட்டில் ஒரு சிலிண்டரை எத்தனை நாள் இழுத்துப் பிடிப்பது? பாத்திரம் கழுவவும் கீரை அலசவும் காய்ச்சிய நீருக்கு எங்கே போவது?

மீண்டும் மீண்டும் புகார் வரும் தெருக்களில் முதலில் குழாய்களை மாற்றுங்கள். தண்ணீர்ப் பரிசோதனை முடிவைத் தெருவாரியாக வார்டு அலுவலகத்தில் ஒட்டுங்கள். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வயிற்றுப்போக்கோடு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் மலப் பரிசோதனை செய்யுங்கள். ஆகஸ்டில் அடுத்த மாத்திரை நாள் வருவதற்குள், குழாய் மாற்றும் தெருக்களின் பட்டியலும் வேலை தொடங்கும் தேதியும் வெளியாக வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வட சென்னை