சாரி பொறுக்கும், சட்டை பொறுக்காது



2022 நவம்பரில் இலங்கையில் சில ஆசிரியைகள் சாரியின்றி வேறு உடையில் பாடசாலை சென்றபோது எழுந்த வாதம், பெரும்பாலும் செலவையும் ஒழுக்கத்தையும் சுற்றி நின்றது. வயதோடு மாறும் உடம்பைப் பற்றியும் பேசியிருக்கலாம்.

ஐந்தரை மீற்றர் சாரி இருபதிலும் ஐம்பதிலும் பொருந்தும். கொசுவத்தில் இரண்டு மடிப்புக் குறையும், அவ்வளவுதான். காலை வாருவது சாரிக்குப் போடும் சட்டை. எங்கள் கண்டிச் சாரிக்கட்டான ஒசரியில் முந்தானையை மடித்துத் தோளில் குத்துவதால், சட்டையின் இறுக்கம் இன்னும் பளிச்சென்று தெரியும்.

தையற்காரர்களே, பக்கத் தையலுக்குள் ஒன்றரை அங்குலம் துணி விடுங்கள், கேட்காவிட்டாலும் விடுங்கள். பிள்ளை பெற்ற பின்னும் மாதவிடாய் நிற்கும் பருவத்திலும் பிரித்துத் தைக்க அதுவே உதவும். பெண்களும் பழைய சட்டையை நீட்டி "இதே அளவு" என்னாமல், புதிதாக அளவு கொடுக்கலாம். "மெலிந்ததும் போடுவேன்" என்று அலுமாரியில் அடுக்கியவற்றை இப்போதே தங்கைமாருக்குக் கொடுத்துவிடலாம்.

ஓர் ஆசிரியை,
கட்டுகஸ்தோட்டை