உல்லாசப் பிரயாணிச் சீட்டில் உழைக்கப் போகிறவர்கள்

"விசிட் விசா ரெடி. மூன்று நாளில் பிளேன். அங்கே போனதும் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்." ஏஜெண்டுகள் சொல்லும் இந்த மூன்று வார்த்தைகளை நம்பித் தாலியையும் தறியையும் அடகு வைக்கத் துணிகிற குடும்பங்கள் நம் தென்னேரிப் பக்கத்திலும் உண்டு. மூன்றாவது வார்த்தையை நம்பிப் போக முடியாது. முதல் வார்த்தையில்தான் கண்ணி இருக்கிறது. ஆகவே அதைப் பற்றி விரிவாக எழுத வேண்டியிருக்கிறது.

வெளிநாடு போக ஆசைப்படுகிறவனைப் பேராசைக்காரன் என்று ஏசுகிற பெரிய மனிதர்கள் உண்டு. நாம் அப்படிச் சொல்ல மாட்டோம். ஒரு கோர்வைப் புடவையை முடிக்க இரண்டு பேர் நாள் கணக்கில் தறிக்குழியில் காலை விட்டுக் குனிந்திருக்க வேண்டும். அதே கரையை விசைத்தறியில் ஓட்டி, "காஞ்சிப் பட்டு" என்று சீட்டு ஒட்டி விற்கிறான் வியாபாரி. தென்னேரி ஏரி நிறைந்து கலங்கல் போனாலும், நடவும் அறுப்பும் போக மீதி நாளில் விவசாயத் தொழிலாளி எங்கே வேலை தேடுவான்? கடல் தாண்டிப் போவது அவன் உரிமை. வெளிநாடு செல்வது தனிமனித சுதந்திரத்தில் சேர்ந்தது என்று 1967ல் சுப்ரீம் கோர்ட்டே சொல்லிவிட்டது. அதன் பிறகுதான் பாஸ்போர்ட் சட்டமே வந்தது. போகலாமா கூடாதா என்பதல்ல கேள்வி. எந்தக் காகிதத்தோடு போவது என்பதே கேள்வி.

பாஸ்போர்ட் நம் சர்க்கார் தருவது; இவன் இன்ன தேசத்துப் பிரஜை என்று சொல்வது. விசா அந்த நாட்டு சர்க்கார் தருவது. எதற்காக வரலாம், எத்தனை நாள் இருக்கலாம் என்று சொல்வது. டூரிஸ்ட் விசா, விசிட் விசா என்பதெல்லாம் ஒரே சங்கதிதான்: வா, சுற்றிப் பார், பணத்தைச் செலவழி, ஊருக்குத் திரும்பு. கூலி வாங்க அதில் இடமில்லை. கொரோனாவில் காலியான ஹோட்டல்களை நிரப்ப ஒவ்வொரு நாடும் போட்டி போட்டது. இந்தியர்கள் விசா இல்லாமலே 30 நாள் வந்து தங்கலாம் என்று தாய்லாந்து 2023 நவம்பர் 10 முதலும், மலேசியா அதே வருஷம் டிசம்பர் 1 முதலும் கதவைத் திறந்தன. 2024 ஜூலையில் தாய்லாந்து அதை 60 நாளாக்கியது. இந்தச் சலுகை பணப்பைக்கு. உழைக்கும் கைக்கு அல்ல. ஆனால் ஏஜெண்டு இதை எப்படித் திரித்தான்? "விசாவே தேவையில்லை, ஏறி உட்கார், வேலை தயார்" என்றான். கெடு மீறி மலேசியாவில் தங்கினால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம் அல்லது 5 வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று அந்நாட்டுச் சட்டம் சொல்கிறது. அதை ஏஜெண்டு சொன்னானா?

இனி நம் சர்க்காரின் பக்கத்தைப் பார்ப்போம். பத்தாவது தேறாதவருடைய பாஸ்போர்ட்டில் "ஈ.சி.ஆர்." என்று குறித்திருக்கும். மகாபலிபுரம் போகும் சாலையைத்தான் நம்மவர்கள் ஈ.சி.ஆர். என்று சொல்லிப் பழக்கம். இது அந்த ஈ.சி.ஆர். அல்ல. இந்தக் குறி உள்ளவர் வேலைக்காகச் சவூதி, குவைத், கத்தார், ஓமன், எமிரேட்ஸ், மலேசியா, தாய்லாந்து முதலிய 18 நாடுகளுக்குப் போவதானால், குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியிடம் அனுமதி பெற வேண்டும். சென்னையிலே அவருக்கு ஆபீஸ் இருக்கிறது. 1983ஆம் வருஷத்துக் குடிபெயர்வுச் சட்டம் இது. படித்தவனுக்குக் காவல் தேவையில்லை, படிக்காதவனுக்குத் தேவை என்று பள்ளிக்கூட சர்டிபிகேட்டை வைத்துக் கோடு கிழித்த சட்டம். நான் மெட்ரிக் தேறியவன். என் பாஸ்போர்ட்டில் அந்தக் குறி விழாது. சங்கத்தில் என்னோடு இருபது வருஷம் உழைத்த நெசவாளத் தோழருக்கு விழும். எங்கள் இருவரில் சூதுவாது தெரிந்தவர் அவர்தான்!

ஆயினும் அந்த அனுமதியில் சில பலன்கள் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. வேலை ஒப்பந்தத்தைக் காட்டியாக வேண்டும். சம்பளம் எவ்வளவு, முதலாளி யார் என்பது பதிவாகும். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் கட்டினால் 10 லட்ச ரூபாய்க்கு இன்ஷூரன்ஸ் உண்டு. பதிவு பெற்ற ஏஜெண்டு 30,000 ரூபாயும் அதற்கான வரியும் தவிர ஒரு காசு கூடுதலாக வாங்கக் கூடாது. இவை போதுமா என்றால் போதாது. ஆனால் கையில் பிடித்துக்கொண்டு சண்டை போட ஒரு பிடி.

உல்லாசப் பிரயாணியாகப் போகிறவனுக்கு இந்த அனுமதி வேண்டியதில்லை. ஏஜெண்டின் வியாபார ரகசியம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. டூரிஸ்டு என்று ஏற்றி அனுப்பிவிட்டால் ஒப்பந்தம் இல்லை, பதிவு இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, 30,000 என்ற வரம்பும் இல்லை. பிரேதமாகத் திரும்பினாலும் அவன் வேலைக்குப் போனான் என்பதற்கு அத்தாட்சி இல்லை. பெண்கள் கதை இன்னும் மோசம். 30 வயதுக்குட்பட்ட, படிப்பில்லாத பெண்களுக்கு வீட்டு வேலைக்கு அனுமதி கிடையாது என்று விதி வைத்தார்கள். பசி அந்த விதியைப் படிக்குமா? விதி அவர்களைக் காக்கவில்லை. விசிட் விசாக்காரன் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

சில மாதங்களுக்கு முன் சங்க ஆபீசுக்கு ஒரு வாலிபர் காகிதக் கட்டோடு வந்தார். 40,000 ரூபாய் முன்பணம் கட்டியாகிவிட்டது. ஒரு காகிதத்தில் மாதச் சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் அழகாக அச்சிட்டிருந்தது. இன்னொரு காகிதத்தில், விசாவில், "வேலை செய்ய அனுமதி இல்லை" என்று இருந்தது. இரண்டும் இங்கிலீஷ். இரண்டையும் அவரிடம் கொடுத்தவன் ஒரே ஆள். தமிழில் படித்துக் காட்டியதும் வாலிபர் நெடுநேரம் பேசவில்லை. பிரயாணம் நின்றது, முன்பணம் இன்னும் வரவில்லை.

படிக்காதவன்தான் ஏமாறுகிறான் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022ல் கம்ப்யூட்டர் படித்த தமிழ் வாலிபர்கள் தாய்லாந்தில் நல்ல உத்தியோகம் என்று நம்பிப் போனார்கள். அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரில் மியாவாடி என்ற இடத்துக்குக் கடத்தப்பட்டு, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து உலகத்தாரை ஏமாற்றும் மோசடி வேலையில் பலவந்தமாகப் பூட்டப்பட்டார்கள். மறுத்தவர்களுக்கு அடி. அந்த வருஷம் அக்டோபரில் 13 தமிழர்கள் மீட்கப்பட்டுச் சென்னை வந்தார்கள். அத்தோடு தீர்ந்ததா? 2025 மார்ச்சில் அதே எல்லையிலிருந்து 549 இந்தியர்களை விமானப்படை விமானங்களில் கொண்டுவர வேண்டியிருந்தது.

இப்போது இன்னொரு வகை விசாவைப் பாருங்கள். "தொலைவிட வேலை விசா" என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாட்டிலே சம்பளம், இன்னொரு நாட்டிலே வாசம். கடற்கரையில் கம்ப்யூட்டரை விரித்து உட்கார்ந்து வேலை. 2020ல் எஸ்தோனியா இதற்கென்று தனி விசா வைத்தது. அதே வருஷம் துபாயும் வைத்தது. 2022ல் மலேசியா வைத்தது: கம்ப்யூட்டர் தொழிலில் வருஷ வருமானம் 24,000 டாலர் காட்ட வேண்டும். 2024ல் தாய்லாந்து வைத்தது: பாங்கியில் 5 லட்சம் பாத் இருப்புக் காட்ட வேண்டும், அதாவது நம் பணத்தில் பத்து லட்சத்துக்கும் மேல். காட்டினால் 5 வருஷ விசா, ஒவ்வொரு தடவையும் 180 நாள் இருக்கலாம். மலேசியாவில் 2025ல் நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மாதம் 1,700 ரிங்கிட். அதை வாங்குகிற தோட்டத் தொழிலாளி, மாதம் 2,000 டாலர் காட்டச் சொல்லும் அந்த விசாவின் ஐந்தில் ஒரு பங்கைத்தான் எட்டுவான்.

கம்ப்யூட்டர் ஊழியர்மீது நமக்குப் பகை இல்லை. அவரும் சம்பளக்காரர்தான், நாளை அவரையும் ஒரு கடிதத்தில் வீட்டுக்கு அனுப்பிவிடுவான் முதலாளி. நாம் சொல்வது வேறு. வேலை செய்வதல்ல குற்றம். அந்த நாட்டிலே கூலி கேட்பதுதான் குற்றம் என்று இந்தச் சட்டங்கள் சொல்கின்றன. வெளியிலிருந்து சம்பளத்தைக் கொண்டுவந்து இங்கே செலவழிப்பவனுக்கு மாலை. கட்டடம் கட்டி, குப்பை அள்ளி, பனைக்குலை வெட்டி அந்த நாட்டுக்குச் செல்வம் சேர்ப்பவனுக்கு விலங்கு. வீட்டிலிருந்தபடியே தூரத்து முதலாளிக்கு வேலை செய்வது உலகப் புதுமை என்கிறார்கள். தென்னேரி நெசவாளி தலைமுறை தலைமுறையாகச் செய்வது என்ன? தறி அவன் வீட்டில், பாவு முதலாளியுடையது, புடவை போவது எங்கோ. அவனை வாருங்கள் ஐயா என்று எந்தத் தேசம் கூப்பிட்டது?

மூலதனத்துக்கு விசா உண்டா? கொரியக் கம்பெனி சுங்குவார்சத்திரத்தில் வந்து இறங்கிற்று. அங்கே தொழிலாளர்கள் சங்கம் வைத்துக்கொள்ள 2024 செப்டம்பர், அக்டோபரில் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. லாபம் எல்லை தாண்டி வருகிறது, போகிறது; முத்திரை குத்தித் தடுப்பார் இல்லை. கொரியத் தொழிலாளிக்கு மட்டும் நிலைமை வேறா? 2025 செப்டம்பர் 4ஆம் தேதி அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில், ஹூண்டாயும் எல்.ஜி.யும் சேர்ந்து கட்டிவந்த பேட்டரி ஆலைக்குள் குடிநுழைவு அதிகாரிகள் புகுந்து சுமார் 475 பேரைப் பிடித்தார்கள். 300க்கு மேற்பட்டவர்கள் தென்கொரியர். அவர்களிலே பலர் குறுகிய கால வருகைக் காகிதங்களில் வந்தவர்கள். கையிலும் காலிலும் சங்கிலி பூட்டி ஏற்றியதை உலகமே படத்தில் பார்த்தது. ஒரு வாரம் கழித்துத் தனி விமானம் வந்து அழைத்துப்போயிற்று. இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் அதே ஹூண்டாய்தான். கம்பெனிக்கு நஷ்டம் வேலை தாமதப்பட்டது. தொழிலாளிக்கு நஷ்டம் விலங்கு. அத்தனை பெரிய கம்பெனியின் நிபுணர்களுக்கே இந்தக் கதி என்றால், வாலாஜாபாத்திலிருந்து விசிட் விசாவில் போகிற தனி மனிதனுக்குத் தனி விமானம் அனுப்புவார் யார்?

காகிதத்தைக் காட்டி வாயை அடைப்பது பழைய வித்தை. 1941ல் மலாயாவில் கிள்ளான் வட்டாரத் தமிழ்த் தோட்டத் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்றார்கள். வெள்ளையர் பட்டாளத்தை ஏவிச் சுட்டார்கள். தலைவர் ஆர்.எச்.நாதனை என்ன செய்தார்கள்? கப்பலேற்றி இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். இன்றைக்குத் துரைக்கு அந்தச் சிரமமும் இல்லை. டூரிஸ்டு விசாவில் வந்தவன் கூலி பாக்கி கேட்டால், "போலீசுக்குச் சொல்லட்டுமா?" என்ற ஒரு கேள்வி போதும். கூலி கேட்க முடியாத தொழிலாளியைவிட மலிவான சரக்கு முதலாளிக்கு உண்டா? எமிரேட்ஸ் சர்க்காரே 2024ல் சட்டத்தைத் திருத்தி, உரிய அனுமதி இல்லாமல் ஆள் வைத்து வேலை வாங்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹாம் வரை அபராதம் என்றது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? பதிவில்லாமல் ஆள் பிடிக்கிற ஏஜெண்டுக்கு இரண்டு வருஷம் வரை சிறை. அபராதம் 2,000 ரூபாய் வரை. ஒரு தலைக்கு லட்சம் ரூபாய் கறக்கிறவனுக்கு 2,000 ரூபாய்! வாலாஜாபாத் சந்தையில் ஓர் ஆட்டுக்குட்டி கிடைக்குமா அந்தப் பணத்துக்கு? இந்தச் சட்டத்தை மாற்ற 2021ல் ஒரு வரைவு வந்தது. 2025 அக்டோபரில் வேறொரு வரைவை வெளியிட்டு அபிப்பிராயம் கேட்டார்கள். இங்கிலீஷில் கேட்டால் தறிக்காரன் என்ன அபிப்பிராயம் சொல்வான்? நாம் தமிழில் சொல்லுவோம். ஏஜெண்டு கறந்த பணத்தைத் திருப்பி வாங்கித்தர வழி வேண்டும். டூரிஸ்டு காகிதத்தில் சிக்கிக்கொண்டவனையும் தொழிலாளி என்றே மதித்து, அவன் கூலி பாக்கிக்கு இந்தியத் தூதராலயம் வழக்காட வேண்டும். பதிவு பெற்ற ஏஜெண்டுகளின் ஜாபிதாவை ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீசிலும் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். 1978ல் தமிழ்நாடு சர்க்கார் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் என்று ஒன்றை ஆரம்பித்தது. அது கிண்டியில் காத்திருந்தால் போதாது, கிராமத்துக்கு வர வேண்டும்.

இவை வருகிறவரை போகிறவர் போய்க்கொண்டுதான் இருப்பார். அவருக்கு ஒரு வார்த்தை. விசாவில் "வேலை" என்ற சொல் இல்லையானால் பிளேன் ஏறாதீர்கள். அசல் பாஸ்போர்ட்டை ஏஜெண்டிடம் விட்டு வைக்காதீர்கள். பணம் கொடுத்தால் ரசீது, ரசீதில் பதிவு எண். மத்திய சர்க்காரின் உதவி எண் 1800 11 3090, கூப்பிடக் காசில்லை. முன்பணம் கட்டுவதற்கு முந்தின நாள், கட்டிய மறுநாள் அல்ல, காகிதங்களைச் சங்க ஆபீசுக்குக் கொண்டுவாருங்கள். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் யாராவது இருப்போம். இங்கிலீஷில் இருப்பதைத் தமிழில் படித்துக் காட்டுவோம்.