இரண்டாம் இடத்தில் 25 பருவங்கள்

வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் ஆகியும் ஒருவர் பதவியில் 'துணை' என்ற சொல் ஒட்டிக்கொண்டே இருந்தால் நம் உறவினர்கள் சும்மா விடமாட்டார்கள். "இன்னும் துணைத் தலைமையாசிரியர்தானா?" என்று கேட்டுவிட்டுத்தான் கல்யாண வீட்டில் சாப்பிடவே உட்காருவார்கள். அமெரிக்காவில் பட் ஃபாஸ்டர் என்றொருவர் இந்தக் கேள்வியோடு 25 பருவங்களைக் கழித்திருக்கிறார்.

வெர்ஜினியா டெக் பல்கலைக்கழக அமெரிக்கக் காற்பந்துக் குழுவின் தற்காப்புப் பயிற்றுநராக இருந்தவர் அவர். நாம் விடிய விடிய விழித்திருந்து பார்க்கும் காற்பந்து அல்ல இது. தலைக்கவசம் மாட்டிக்கொண்டு முட்டை வடிவப் பந்துக்காக மோதிக்கொள்ளும் ஆட்டம். தாக்குவதற்கு 11 பேர், தடுப்பதற்கு வேறு 11 பேர். தாக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறாவிட்டால் பந்து கைமாறிவிடும். அந்த 10 கெஜத்தைக் கொடுக்காமல் இருப்பதுதான் ஃபாஸ்டரின் பிழைப்பாக இருந்தது. ஆனால் பத்திரிகையில் படம் வருவதென்னவோ தலைமைப் பயிற்றுநருக்குத்தான்.

கெண்டக்கி மாநிலத்தின் மர்ரி ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆடிய ஃபாஸ்டர், 1981-இல் அங்கேயே ஃபிராங்க் பீமரின் கீழ் பயிற்றுநர் வேலையைத் தொடங்கினார். 1987-இல் பீமர் வெர்ஜினியா டெக் போனபோது இவரும் கூடவே போனார். 1995-இல் தற்காப்புப் பொறுப்பு கைக்கு வந்தது.

அந்த வருடம்தான் அந்தச் சாப்பாட்டுப் பெட்டியும் வந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி எடுத்துப்போகும் தகரப் பெட்டி, துருப்பிடித்து நசுங்கியது. ஃபாஸ்டரோடு பொறுப்பைப் பகிர்ந்துகொண்ட ராட் ஷார்ப்லெஸின் மாமியார் மூலம் கிடைத்ததாம். பல்கலைக்கழகம் இருக்கும் பிளாக்ஸ்பர்க், மலைப்பக்கத்து ஊர். அதற்கு மேற்கே நிலக்கரிச் சுரங்கங்கள். காலையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால் வேலை முடிந்துதான் வீடு திரும்ப வேண்டும். அதைத்தான் ஃபாஸ்டர் தன் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குப் பாடமாக வைத்தார். நன்றாக உழைத்தவன் கையில் பெட்டியைக் கொடுப்பார். தோட்டத்தில் தூக்குச்சட்டியோடு பால்மரம் வெட்டப் போனவர்களின் பிள்ளைகளுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை.

2007 ஏப்ரல் 16-ஆம் தேதி அந்தப் பல்கலைக்கழக வளாகத்திலேயே ஒரு மாணவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றான். அந்தப் பருவத்தில் பெட்டிக்குள் அந்த 32 பேரின் பெயர்கள் இருந்தன. செப்டம்பர் 1, சொந்தத் திடலில் முதல் ஆட்டம். எதிரணி கிழக்குக் கரோலினாவுக்கு 7 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கவில்லை. 17-7.

அதற்கு முந்தைய வருடமே ஃபாஸ்டர் நாட்டின் சிறந்த துணைப் பயிற்றுநருக்கான புரொய்ல்ஸ் விருதை வாங்கியிருந்தார். விருதின் பெயரிலும் 'துணை'தான், பாருங்கள்!

அவர் மூளைக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்ல வேண்டுமானால் 2014-ஐத்தான் சொல்வேன். ஒஹாயோ ஸ்டேட் அணியை அதன் திடலிலேயே, ஒரு லட்சத்துக்கும் அதிகமான ரசிகர்கள் முன்னால் சந்தித்தார்கள். ஃபாஸ்டர் ஆட்களை முன்வரிசைக்கு நெருக்கமாகக் குவித்தார். பின்னால் நிற்கும் ஓரிருவர் துணையில்லாமல் ஒற்றைக்கு ஒற்றையாக எதிரியைச் சமாளிக்க வேண்டும். ஒருவன் சறுக்கினால் கதை முடிந்தது. எதிரணியின் இளம் பந்து எறியாளர் ஏழு முறை தரையில் சாய்க்கப்பட்டார். வெர்ஜினியா டெக் 35-21 என வென்றது. ஒஹாயோ ஸ்டேட் அந்தப் பருவம் முழுக்கத் தோற்றது அந்த ஓர் ஆட்டத்தில்தான். கடைசியில் தேசிய வெற்றியாளரும் அவர்களே. (அடுத்த வாரமே வெர்ஜினியா டெக் சொந்தத் திடலில் கிழக்குக் கரோலினாவிடம் தோற்றது. விளையாட்டு அப்படித்தான்!)

2015-இல் பீமர் ஓய்வு பெற்றார். அவரது கடைசி ஆட்டத்தில் ஃபாஸ்டரின் தற்காப்பு 52 புள்ளிகளைக் கோட்டைவிட்டது. நல்லவேளை, தாக்குதல் பிரிவு 55 எடுத்துக் காப்பாற்றியது. காலியான நாற்காலிக்கு வெளியிலிருந்து ஜஸ்டின் ஃபுவென்டே வந்தார். அவருக்கு வயது 39, ஃபாஸ்டருக்கு 56. நம்மில் பலர் அன்றே மேசையைக் காலி செய்திருப்போம். ஃபாஸ்டர் தங்கினார், அதே வேலையில். இதை அடிமைப் புத்தி என்பவர்களும் இருக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தான் எதில் கெட்டிக்காரர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அதை விட்டு நகர அவருக்கு மனமில்லை என்றுதான் நினைக்கிறேன்.

2019 பருவத்தோடு ஓய்வு என முன்கூட்டியே அறிவித்தார். செப்டம்பரில் சொந்தத் திடலில் டியூக்கிடம் 45-10 என உதை. நவம்பரில் நிலைமை மாறியது. ஜார்ஜியா டெக்குக்கு எதிராக 45-0. அடுத்த வாரம், சொந்தத் திடலில் அவரது கடைசி ஆட்டத்தில், பிட்ஸ்பர்க்குக்கு எதிராக 28-0. இரண்டு ஆட்டங்களில் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை.

அங்கேயே முடிந்திருந்தால் சினிமா. அதன்பின் பதினைந்து வருடமாகத் தோற்காத பக்கத்து வெர்ஜினியாவிடம் தோற்றார்கள். டிசம்பர் 31-ஆம் தேதி, அவர் பிறந்த மாநிலமான கெண்டக்கியின் அணியோடு கடைசிப் போட்டி. 30-24 என வெர்ஜினியா டெக் முன்னிலை. ஃபாஸ்டரின் ஆட்கள் இன்னும் ஒரு முறை தடுத்தால் போதும். 15 விநாடிகள் இருக்கும்போது பந்து அவர்கள் தலைக்கு மேல் பறந்துபோய்க் கோட்டுக்கு அப்பால் ஒருவன் கையில் விழுந்தது.